பட்டியலில் இல்லாத பெயர்

கயாம்பே,
6 பிப்ரவரி 2023

வில்மர்,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் நலம் கேட்பதற்காக இல்லை. கைபேசியில் அனுப்பிய எதற்கும் நீ பதில் போடவில்லை. அதனால் உன் சித்தியிடம் முகவரி வாங்கிக் காகிதத்தில் எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய கடிதம் இது. வரவில்லை என்று நீ சொல்ல முடியாது.

என் தங்கை மருஹா, உன் மனைவி, செத்த இரண்டாம் மாதம் நீ ஸ்பெயினுக்கு விமானம் ஏறினாய். அன்று காலை ஒரு ஹார்ட் டிஸ்க்கை அவளுடைய சால்வையில் சுற்றி என் வாசலில் வைத்திருந்தாய். கூடவே ஒரு சீட்டு: "எல்லாம் இதுல இருக்கு. பாஸ்வேர்டை போன்ல சொல்றேன்." போன் வரவே இல்லை.

ரோஜாப் பண்ணையில் பூச்சிமருந்தடித்து ஈரம் காயும் முன்பே எங்களைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அனுப்பினார்கள். மயக்கம், ரத்தக் குறைவு, கலைந்துபோன கருக்கள். எங்கள் இருவரையும் சேர்த்து முப்பத்திரண்டு பெண்கள் பேசியதை மருஹாவும் நானும் பதிவு செய்தோம். பரிசோதனைச் சீட்டுகளை உன் இன்டர்நெட் கடையில் நீ ஸ்கேன் செய்தாய். பண்ணை ஆட்கள் வீடுவீடாகத் தேட ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் நீதான் பூட்டினாய். உன்னைத் தவிர யாருக்கும் திறக்கத் தெரியாது.

இப்போது அதே பண்ணையில் வேறு பெண்களுக்கு அதே நோய். தலைநகர் கித்தோவின் நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்டது. ஜூன் 27 விசாரணை. வக்கீல் அம்மா என் சமையலறைக்கே வந்து சொன்னார்: "பத்து வருஷம் முன்னாடியே பண்ணைக்கு இது தெரியும்னு நாம காட்டணும். அதுக்கு ஆதாரம் உங்ககிட்டதான் இருக்கு."

பழைய பெண்கள் அவரிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவகிட்டயா போறீங்க? எங்களை வித்தவளே அவதான்."

உனக்கு நினைவிருக்கும். ஒரே திங்கட்கிழமை முப்பது பேரைப் பண்ணை வாசலிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மருஹா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மிஞ்சியது நான் ஒருத்தி. பெயர்கள் எழுதிய நோட்டும் என்னிடம்தான் இருந்தது. மிச்சத்தை ஊர் தானாக முடிவு செய்துகொண்டது. அடுத்த மாதமே வேலையை விட்டேன். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

நீ ஏன் போனாய், ஏன் பேசவில்லை என்று கேட்கப் போவதில்லை. பாஸ்வேர்ட் மட்டும் வேண்டும்.

ஸோய்லா


லோர்கா,
25 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிரித்த பிறகும் பதில் எழுத முடியவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு வேன் வரும். ப்ரோக்கோலி வெட்டிவிட்டு வந்தால் விரல் மடங்காது.

மகள் நயெலிக்குப் பதினாறு முடியப்போகிறது. நடை அப்படியே மருஹா. உங்களைப் பற்றிக் கேட்பாள். நான் நிறையச் சொன்னதில்லை.

பாஸ்வேர்டைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். காலையில் பண்ணைக்குக் கிளம்பும்போது மருஹா சிரித்துக்கொண்டே சொல்வாளே, "நாளைக்கு லீவு, இன்னைக்கு இல்ல" என்று, அந்த வாக்கியம்தான். எல்லாம் சின்ன எழுத்து. நடுவில் இடைவெளி கிடையாது. கடைசியில் அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம். 'நாளை' என்பதற்கு நம் ஸ்பானிஷில் வரும் 'மன்யானா' என்ற சொல்லின் நடுவில் நெளிகோடு போட்ட 'ன்ய' எழுத்து வரும், கவனமாக அடிக்கச் சொல்லுங்கள்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு நான் இப்போது எழுதும் எந்தக் காரணமும் உங்களுக்கு நன்றாக இருக்காது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

வில்மர்


கயாம்பே,
10 மார்ச் 2023

வில்மர்,

திறக்கவில்லை.

இந்த வேலையைச் செய்துதருபவள் ஜொஹானா இம்பாகிங்கோ. பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய அம்மா அந்த முப்பது பேரில் ஒருத்தி. என் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. டிஸ்க்கை நான் நீட்டியதும் அவள் முதலில் சொன்னது: "இதுல யாரும் கை வைக்காதீங்க. சத்தம் நல்லா இல்ல, டிக் டிக்னு அடிக்குது. முதல்ல அப்படியே ஒரு நகல். அப்புறம் நகல்ல மட்டும்தான் வேலை." நகல் எடுக்க ஒரு பகலும் மறுநாள் பாதியும் ஆனது. சில இடங்களைப் படிக்கவே முடியவில்லையாம்.

நீ அனுப்பிய வாக்கியத்தை அடித்தாள். பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, நெளிகோடு இல்லாமல், வருஷத்தை முன்னால் போட்டு என்று எல்லாமே பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: பாஸ்வேர்ட் தவறு, அல்லது இது பூட்டிய டிஸ்க்கே இல்லை.

"ரெண்டுல எதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாது. சொல்ற மாதிரி செஞ்சா திருடனுக்குத்தான் உதவி. பாஸ்வேர்ட் தப்பா இருக்கலாம். பூட்டுன புரோகிராம் பழசா இருக்கலாம், இப்ப வர்ற புதுசு பழைய பூட்டை ஏத்துக்காது. இல்ல, டிஸ்க்கோட முன்பகுதி கெட்டிருக்கலாம், சாவித் தகவல் எல்லாம் அங்கதான் இருக்கும்." பிறகு சொன்னாள்: "இல்லன்னா உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பொய் சொல்றார்."

உனக்காகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் கேட்பது மூன்று. எந்தக் கம்ப்யூட்டரில் பூட்டினாய்? எந்த வருஷத்துப் புரோகிராம்? கீபோர்டு எந்த ஊர்க் கீபோர்டு? தெரிந்ததை எழுது. பாதியை எழுதிவிட்டுப் பாதியை வைத்துக்கொள்ளாதே.

ஸோய்லா


லோர்கா,
24 மார்ச் 2023

அன்புள்ள அக்கா,

ஜொஹானா கேட்டது சரியான கேள்வி. அவள் கெட்டிக்காரி.

பூட்டியது கடையில் இருந்த மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில். அமெரிக்காவிலிருந்து பழைய சாமானாக வந்தது, உள்ளே எல்லாம் ஆங்கிலம். அந்தக் கீபோர்டில் நெளிகோடு எழுத்தே கிடையாது. நம் கீபோர்டில் அது எங்கே இருக்குமோ, அந்த இடத்தை விரல் தானாக அழுத்திவிடும். அந்த இடத்தில் அமெரிக்கக் கீபோர்டில் இருப்பது அரைப்புள்ளி. பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் கண்ணுக்குப் படாது. நெளிகோடு எழுத்து வரும் இடத்தில் அரைப்புள்ளி போடச் சொல்லுங்கள். இது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

புரோகிராம் 2012-இல் வந்தது. இப்போதைய பதிப்பு வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் பழைய பதிப்பைத் தேடி எடுக்கட்டும். முன்பகுதி கெட்டிருந்தாலும் பயமில்லை. சாவித் தகவலின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கிறது. அங்கிருந்து திறக்க ஒரு வழி உண்டு, அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். திறந்ததும் பெண்களின் பதிவுகளை மட்டும் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் கடையின் குப்பை. யாருக்கும் பயன்படாது.

மருஹாவின் பதிவும் அதில் இருக்கும். அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வில்மர்


கயாம்பே,
12 ஏப்ரல் 2023

வில்மர்,

புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை திறந்தது. முன்பகுதி கெட்டுத்தான் இருந்தது. கடைசியில் இருந்த பிரதியும் உன் அரைப்புள்ளியும் சேர்ந்து திறந்துவிட்டன. ஜொஹானா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள். முப்பத்திரண்டு பெயர்கள், முப்பத்திரண்டு கோப்புகள். அவளுடைய அம்மா பேசியதை முதலில் போட்டாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் ஒருத்தி என் கையைத் தொட்டு ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பிறகு அவள் சொன்னாள்: "இது பதிவு மட்டும் இல்ல. வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் இதுல நகல் எடுத்திருக்கு. பண்ணை பேரைப் போட்டுத் தேடிப் பார்ப்போமா? வக்கீலுக்கு ஏதாவது கிடைக்கும்."

கிடைத்தது.

22 ஆகஸ்ட் 2013, வியாழக்கிழமை. நீ பண்ணை நிர்வாகி கலார்சாவுக்கு அனுப்பிய மின்னஞ்சல். அதை எத்தனை தடவை படித்தேனோ, மனப்பாடம் ஆகிவிட்டது: "ஐயா, நீங்கள் கேட்டது இணைப்பில் உள்ளது. முப்பது பெயர்கள். வாக்குக் கொடுத்தபடி என் மனைவிக்குக் கித்தோ ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க வேண்டும். ஸோய்லாவைச் சேர்க்கவில்லை, அவர் எங்கள் குடும்பம்."

சனிக்கிழமை மருஹாவைக் கித்தோவுக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை முப்பது பேர் வாசலில் நின்றார்கள்.

படுக்கை கிடைத்ததைப் பற்றி அப்போது என்னிடம் என்ன சொன்னாய்? "சாமி கண் திறந்துட்டார் அக்கா." நான் கோயிலுக்குப் போய் முட்டி போட்டு நன்றி சொன்னேன்.

அந்த முப்பது பேரில் ஒருத்தியான ஒர்த்தென்சியா என் முகத்துக்கு நேராகத் துப்பியபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். கைக்குட்டையை எடுத்து நீதான் கொடுத்தாய். "விடுங்க அக்கா, ஒரு நாள் உண்மை தெரியும்" என்றாய். தெரிந்தவன் நீ. தெரிந்துகொண்டே சொன்னாய்.

அவர்களை விற்றாய். அதைக்கூட என்றாவது புரிந்துகொள்வேனோ என்னவோ. என் பெயரை எடுத்ததுதான் புரியவில்லை. அந்தப் பெயரும் அதில் இருந்திருந்தால் முப்பத்தோராவது ஆளாக நானும் வாசலில் நின்றிருப்பேன். எல்லோரோடும் சேர்ந்து பட்டினி கிடந்திருப்பேன். எனக்கு ஊர் இருந்திருக்கும்.

பதில் எழுது, அல்லது எழுதாதே.

ஸோய்லா


லோர்கா,
29 ஏப்ரல் 2023

அக்கா,

எழுதுகிறேன். இந்தத் தடவை எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆகஸ்டில் கயாம்பே ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரித்துவிட்டார். ரத்தமே ஊறவில்லை, கித்தோவுக்குக் கொண்டுபோனால்தான் உண்டு, அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்காகும் என்றார். மறுநாள் கலார்சா கடைக்கு வந்தார். சும்மா பிரிண்ட் எடுக்க வந்ததுபோல நின்றுகொண்டு, "உன் வீட்டுக்காரிக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார். பிறகு, "நீயும் எனக்கு ஒரு உதவி செய்யணும். யார் யார் பேசினாங்கன்னு மட்டும் சொல்லு, போதும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதை நான் நம்பவில்லை. நம்பியதாக உங்களிடம் சொல்ல மாட்டேன். கொடுத்தேன். படுக்கை கிடைத்தது. அவள் அங்கே நாற்பத்தாறு நாள் உயிரோடு இருந்தாள். கடைசிவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆம்புலன்ஸில் ஏறியிருக்க மாட்டாள்.

இங்கே எனக்கு வேலை கிடைத்ததும் அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தால்தான். ஊரில் நான் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நகலில் அந்த மின்னஞ்சலும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கை உங்களிடம் விடும் முன்பு அதை அழித்திருக்கலாம். ஏன் அழிக்கவில்லை என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். மனசாட்சி என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. டிஸ்க்கை உங்கள் வாசலில் வைக்கத் தைரியம் இருந்தது. பாஸ்வேர்டைச் சொல்லத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரைப்புள்ளி எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது என்று எழுதியது பொய். 2012-லேயே கடையில் வேறு கம்ப்யூட்டரில் திறக்க முயன்று, முடியாமல், இரண்டு நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது அது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். சரியான வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, திறக்காமல் போகட்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் சலித்து விட்டுவிடுவீர்கள், நானும் பொய் சொல்லாத மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வில்மர்


கயாம்பே,
21 மே 2023

வில்மர்,

உன் கடிதத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூடத்தில் சத்தமாகப் படித்தேன். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களில் ஐந்து பேர் இப்போது இல்லை, மூன்று பேர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். பாதியில் தாளை நீட்டினேன். ஜொஹானா வாங்கி மிச்சத்தைப் படித்தாள்.

முடிந்ததும் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். இன்னொருத்தி, "வில்மரா? என் பையனோட பள்ளிக்கூட வேலையெல்லாம் சும்மாவே பிரிண்ட் போட்டுக் கொடுப்பானே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன்னை அவர்களுக்குப் பிடிக்கும். அதனால்தான் ஒருத்திக்கும் உன் மேல் சந்தேகம் வரவில்லை.

ஒர்த்தென்சியா கடைசிவரை உட்கார்ந்தே இருந்தாள். எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து, "நான் உன் மேல துப்பினேன்ல" என்றாள்.

"ஆமா."

அவள் ஒரு நாற்காலியைத் தூக்கினாள்.

இரண்டு பேரும் சேர்ந்து நாற்காலிகளை அடுக்கினோம்.

இனி நீ செய்யவேண்டியது. அந்த மின்னஞ்சலை நாங்களே போலியாகத் தயாரித்தோம் என்று பண்ணை வக்கீல் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். அனுப்பியவன் வாயால் வர வேண்டும் என்கிறார் நம் வக்கீல் அம்மா. தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போடு. கலார்சா கேட்டது, நீ கொடுத்தது, படுக்கை, ஸ்பெயின் வேலை, எல்லாம். ஜூன் 20-க்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

அதற்கு முன்னால் நயெலியிடம் சொல். செய்தித்தாளில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஸோய்லா


லோர்கா,
10 ஜூன் 2023

அக்கா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினோரு பக்கம். முத்திரை குத்திய பிரதி இதனுடன் வருகிறது. அதிகாரி படித்துவிட்டு, "இதனால உங்க மேலயும் வழக்கு வரலாம், தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

நயெலியிடம் முந்தின நாளே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "அத்தனை வருஷமும் பெரியம்மா போன் பண்ணினப்ப நீங்க எடுக்காததுக்கு இதான் காரணமா?" ஆமாம் என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாள். ஐந்து நாளாக அங்கேதான். உங்கள் எண்ணைக் கேட்டாள், கொடுத்தேன்.

ஒன்று கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிடுகிறேன். மருஹா பேசிய பதிவு, அதில் ஒரு பிரதி எனக்குக் கிடைக்குமா? அவள் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது.

வில்மர்


கயாம்பே,
3 செப்டம்பர் 2023

வில்மர்,

தீர்ப்பு ஆகஸ்ட் 18 அன்று வந்தது. பண்ணைக்கு அப்போதே தெரியும் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். மருந்தடித்த கூடாரத்துக்குள் மறுநாள்வரை யாரையும் அனுப்பக் கூடாது, பழைய பெண்கள் உட்பட எல்லோருக்கும் பண்ணையே வைத்தியம் பார்க்க வேண்டும். அவர்கள் மேல்முறையீடு செய்வார்கள். செய்யட்டும். உன் பதினோரு பக்கத்தையும் கோர்ட்டில் வாசித்தார்கள். கலார்சா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வக்கீல் அம்மா சொன்னார். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன்.

நயெலி வந்ததும் போனதும் உனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் இங்கே இருந்தாள். விமான நிலையத்தில் அவள் நடந்து வந்ததைப் பார்த்து, மருஹா என்றே கூப்பிட்டுவிட்டேன். முதல் வாரம் முழுவதும் டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேலை செய்யும் ரொட்டிக் கடைக்கு என்னோடு வந்து பிஸ்கோச்சோ பிஸ்கட் சுட்டாள், கையைச் சுட்டுக்கொண்டாள். ஒர்த்தென்சியா தினமும் பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுத்தாள், யாருக்கு என்று சொல்லாமல்.

இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், "அம்மா பேசினதைப் போடுங்க பெரியம்மா" என்றாள். போட்டேன். பதினேழு நிமிஷம். மருஹா மருந்தைப் பற்றித்தான் பேசுகிறாள். எந்தக் கூடாரம், என்ன வாசனை, எத்தனை மணிக்கு. நடுவில் இருமல். ஓரிடத்தில் தானாகவே, "என் வீட்டுக்காரர்கிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க, பயந்துடுவார்" என்கிறாள். நயெலி அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

அன்று மாலை, "அப்பாவுக்கு ஒரு பிரதி கொடுக்கலாமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். "அவரும் கேட்கட்டுமே" என்றாள். முடியாது என்றேன். "அவர் கேட்டு அழணும் பெரியம்மா." அவள் சொன்னது அவளுக்குச் சரி. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கிளம்பும் அன்று அந்தப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அது அவளுடைய அம்மாவின் குரல். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் உன்னிடம் கொடுத்தால் அது அவள் கொடுத்தது. நான் கொடுத்ததாக நினைத்துவிடாதே.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஸோய்லா